‘நம்மவர்கள் குடிப்பதில்லை’ – யாரை ஏமாற்றுகிறோம்?



உங்கள் மஹல்லாவில் குடிக்கிறவர்கள் எத்தனை பேர்? முத்தவல்லியைக் கேட்டுப் பாருங்கள். "அல்ஹம்துலில்லாஹ், நம்ம ஜமாஅத்தில் அப்படி யாரும் கிடையாது பாய்" என்பார். செயலாளரைக் கேளுங்கள். "ஒன்றிரண்டு பேர் இருக்கலாம், அதுவும் வெளியூர்ப் பையன்கள்" என்பார். பள்ளிவாசலுக்கு எதிரே டீக்கடை போட்டிருப்பவரைக் கேளுங்கள். ஆள், கடை, நேரம் மூன்றையும் விரல் விட்டுச் சொல்வார்!

இதுதான் நம் நிலை. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டிலிருந்து தி.நகர் உஸ்மான் ரோடு வரை, அங்கிருந்து அடையாறு வரை, ஊருக்கெல்லாம் தெரிந்தது நமக்கு மட்டும் தெரியாது. தெரியாது என்றுகூடச் சொல்ல முடியாது. தெரியாதது போல இருக்கிறோம். மார்க்கம் ஹராம் என்று சொல்லிவிட்டது, ஆகவே நம் சமுதாயத்தில் அந்தப் பிரச்னையே இல்லை என்று ஒரு கணக்கு. வட்டியும்தான் ஹராம். வட்டி வாங்காத, கொடுக்காத தெரு எத்தனை என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள் பார்ப்போம்!

குடி ஹராம் என்று உங்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. அது மதரஸாவில் ஓதும் ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் குடிக்கிறவன் எந்த இடத்தில் நோயாளியாகிறான், அதை முற்றுவதற்கு முன் எப்படிக் கண்டுகொள்வது, கண்டுகொண்டபின் நாம் என்ன செய்வது? இதைத்தான் எந்த மேடையிலும் நாம் பேசுவதில்லை.

எனக்கு வேண்டிய ஒரு வியாபாரி. பெயர் வேண்டாம். தி.நகரில் ரெடிமேட் கடை. பதினைந்து வருடப் பழக்கம். கடையில் யாரிடமும் குரல் உயர்த்த மாட்டார், ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பார், ஜும்ஆ தவறமாட்டார். இரவு பத்து மணிக்குக் கடை அடைத்தபின் குடிப்பார் என்பது எங்களில் நாலைந்து பேருக்குத் தெரியும். "எவ்வளவு போட்டாலும் ஆள் அசையமாட்டார்" என்று சிரித்துக்கொண்டோம். ரமலான் பிறை தெரிந்தால் நிறுத்திவிடுவார். "பார்த்தீர்களா, நினைத்தால் நிறுத்துகிறார், அடிமை இல்லை" என்று எங்களுக்கு நாங்களே சான்றிதழும் கொடுத்துக்கொண்டோம்.

ஒரு வருடம் அப்படித்தான் பிறை பார்த்த அன்று நிறுத்தினார். முதல் நோன்பன்று சஹர் உணவு கைநடுக்கத்தில் சட்டையில் கொட்டியது. இரண்டாம் நோன்பு அஸர் நேரம், பெருநாள் வியாபாரக் கூட்டத்தின் நடுவே, கல்லாவிலிருந்து சரிந்து விழுந்து கைகால் வெட்டி இழுத்தது. நோன்பு மயக்கம் என்றார்கள். அன்றிரவு சுவரில் பூச்சி ஓடுகிறது, யாரோ கதவுக்குப் பின்னால் நிற்கிறார்கள் என்று அலறினார். உடனே ஒரு கூட்டம், "இது ஜின் கோளாறு" என்று தாயத்துக்காரரைக் கூட்டி வந்தது. ஓதி ஊதி இரண்டு இரவு போயிற்று! உயிர் ஊசலாடும் நிலையில்தான் மருத்துவமனைக்குக் கொண்டு போனோம். அந்த டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "எவ்வளவு குடிப்பார், கடைசியாகக் குடித்தது எப்போது?"

அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டு, "தினமும்" என்றார். பக்கத்தில் நின்றிருந்த எனக்கும் அது தெரியும். மூன்று நாளாக நானும் வாயைத் திறக்கவில்லை. தாயத்துக்காரரைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

என்ன நடந்தது என்பதைப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். நீங்களும் விளங்கிக்கொள்ளுங்கள், ஏனென்றால் வருகிற ரமலானிலும் இது யாராவது ஒருவர் வீட்டில் நடக்கப்போகிறது. மது மூளையை மந்தப்படுத்துகிற பொருள். தினமும் ஊற்ற ஊற்ற, மூளை அந்த மந்தத்தை எதிர்த்துத் தன்னை முடுக்கி வைத்துக்கொள்கிறது. திடீரென்று மது நின்றால், எதிர்ப்பதற்கு ஆள் இல்லாமல் முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. நின்ற சில மணி நேரத்திலேயே நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை. முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் பிதற்றலும் இல்லாதவற்றைக் காண்பதும். கவனிக்காமல் விட்டால் மரணமும் உண்டு. மருந்து கொடுத்துச் சில நாள் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோர் பத்திரமாக இறங்கிவிடுகிறார்கள். ஜின்னுக்கு இதில் வேலையே இல்லை!

ஆகவே பல வருடமாகத் தினமும் அதிகமாகக் குடிப்பவர், "நாளை நோன்பு, இன்றோடு சரி" என்று ஒரே வெட்டாக வெட்டுவது வீரமல்ல, ஆபத்து. ரமலானுக்குச் சில வாரம் முன்பே டாக்டரிடம் போக வேண்டும். நோயாளிக்கு நோன்பைப் பின்னால் நோற்கச் சலுகை கொடுத்த மார்க்கம் நம்முடையது. அந்தச் சலுகையைச் சர்க்கரை நோய்க்குச் சொல்கிற நம் ஹஜ்ரத்மார்கள், இதற்கும் சொல்ல வேண்டும்.

எப்படிக் கண்டுகொள்வது?

சகோதரர்களே! தள்ளாடி விழுகிறவனைக் கண்டுபிடிக்க யாருடைய உதவியும் தேவையில்லை. அது கடைசிக் கட்டம். முதல் கட்டத்தில் நோயாளி தள்ளாடவே மாட்டான். எங்கள் நண்பரைப் பற்றி நாங்கள் பெருமையாகச் சொன்னோமே, "அசையமாட்டார்" என்று, அதுதான் முதல் அபாய அறிகுறி! முன்பு ஒரு கட்டிங்கில் ஏறியது இப்போது குவார்ட்டரில்தான் ஏறுகிறது என்றால், உடம்பு பழகிவிட்டது என்று அர்த்தம். "கெப்பாசிட்டி" என்று தோளில் தட்டுகிறீர்களே, அது நோயின் பெயர்.

அடுத்தது நேரம். மதுக்கடை பகல் 12 மணிக்குத் திறக்கிறது. கூட்டம் நிற்கும்போதே 12 மணிக்கு "பேங்க் வேலை" என்று நழுவுகிற கடைக்காரரைக் கவனியுங்கள். சரக்கு எடுக்கச் சூரத்துக்கோ மும்பைக்கோ போகிறவர் ஒரு நாள் வேலைக்கு மூன்று நாள் தங்குகிறாரா, அதுவும் தனியாக? கல்லாவில் சில்லறையாகக் குறைகிறதா? எப்போதும் சட்டைப் பையில் ஹால்ஸ், ஏலக்காய், பாக்கு. அத்தர் வாசம் வழக்கத்தைவிடத் தூக்கலாக இருக்கிறது. ஸஃப்பில் நெருங்கி நிற்கிறவர், இப்போது கடைசி வரிசையில் தூணோரம் ஒதுங்கி நின்று, ஸலாம் கொடுத்ததும் முதல் ஆளாகச் செருப்பைத் தேடுகிறார். இதில் ஏதாவது ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் மீது பழி போட்டுவிடாதீர்கள். அது பெரும் பாவம். தொண்டை வலிக்கும் மனிதர்கள் ஹால்ஸ் சாப்பிடுவார்கள். ஆனால் நாலைந்து சேர்ந்து, மாதக்கணக்கில் தொடர்ந்தால், கண்ணை மூடிக்கொண்டிருப்பதும் பாவம்தான்.

வீட்டிலிருக்கிறவர்களுக்கு இன்னும் முன்பே தெரியும். விருந்தில் நண்பர்களோடு குடித்தவன் தனியாகக் குடிக்கத் தொடங்குகிறான். ஸ்கூட்டர் டிக்கியில், குடோனில், குளியலறைப் பரணில் பாட்டில் ஒளிகிறது. முந்தின இரவு மயங்கி விழவில்லை, நன்றாகத்தான் பேசினான், சண்டைகூடப் போட்டான். காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. நடிக்கிறான் என்று உம்மா நினைக்கிறார். நடிப்பில்லை, அந்த நேரம் மூளையில் பதியவே இல்லை. பிறகு சத்தியங்கள் வரும். பிராந்தியை விட்டுப் பீருக்கு மாறினேன், வெள்ளி, சனி மட்டும், வீட்டில் இல்லை வெளியில்தான் என்று விதிகள் போட்டுக்கொள்வான். யோசித்துப் பாருங்கள், கட்டுப்பாடு கையில் இருக்கிறவனுக்கு விதி எதற்கு?

ரமலானில் நிறுத்துகிறானே என்ற வாதத்தை நான் முன்பு நம்பினேன், இன்று நம்பவில்லை. ஒரு மாதம் நிறுத்துவது பலராலும் முடியும். மீதி எத்தனை நாள் என்று எண்ணுகிறானா, பெருநாள் இரவு எங்கே போகிறான் என்று பாருங்கள். விடை அங்கே இருக்கிறது.

டாக்டர்கள் நான்கு கேள்வி வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஜான் யூவிங் என்ற மனநல மருத்துவர் வகுத்து, 1984இல் மருத்துவ இதழில் வெளியானவை. குறைக்க வேண்டும் என்று எப்போதாவது நினைத்தீர்களா? அடுத்தவர் குறை சொன்னபோது எரிச்சல் வந்ததா? குடித்ததற்காகக் குற்ற உணர்வு வந்ததா? நடுக்கம் போக்கவோ தலைபாரம் தீரவோ காலையில் எழுந்ததும் குடித்ததுண்டா? இரண்டுக்கு ஆம் என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். என் கருத்து ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். நம்மவர்களில் மூன்றாவது கேள்விக்கு இல்லை என்று சொல்பவர் இருக்க முடியாது. முதல் சொட்டிலேயே அந்த உணர்வு வந்துவிடும். ஆகவே மற்ற மூன்றையும் கூர்ந்து கேளுங்கள். நான்காவதற்கு ஆம் என்றால் அது ஆரம்பக் கட்டமும் அல்ல.

"ஒரு குவார்ட்டர்தானே" என்கிறவருக்கு ஒரு கணக்கு. நாம் வியாபாரிகள், கணக்கு புரியும். குவார்ட்டர் என்பது 180 மில்லி. பிராந்தியோ விஸ்கியோ, அதில் ஏறக்குறைய 43 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 60 கிராம். உலக சுகாதார நிறுவனத்தின் கேள்வித்தாள்களில் ஒரு அளவு மது என்பது 10 கிராம். ஆக, 'ஒன்று' என்று நீங்கள் எண்ணுவது ஆறு! "பீர்தானே" என்கிறீர்களா? 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டில் ஒன்றில் சுமார் 40 கிராம். நான்கு அளவு. மது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது. பாதுகாப்பான அளவு என்று எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது.

பாவமா, நோயா?

இங்கேதான் நம் அண்ணன்மார்கள் சிலர் எழுந்து நிற்பார்கள். "நோய் என்று சொல்லி ஹராமை நியாயப்படுத்துகிறாயா?" இல்லை ஐயா! முதல் கிளாஸை எடுத்தது அவன் கை. அதற்கு அவன் தன் இறைவனிடம் பதில் சொல்லிக்கொள்வான். ஆனால் திருடப் போன வீட்டில் மாடியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவனுக்கும் மாவுக்கட்டுப் போட்டுத்தான் ஆக வேண்டும். திருடினாயே என்று திட்டினால் எலும்பு கூடிவிடுமா?

பெருமானார் (ஸல்) அவர்கள் காலத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். மது ஒரே நாளில் தடுக்கப்படவில்லை. முதலில் அதன் தீங்கு பயனைவிடப் பெரிது என்று சொல்லப்பட்டது, பிறகு போதையோடு தொழுகையை நெருங்கத் தடை வந்தது, அதன் பின்னரே முழுத் தடை. படைத்தவனுக்குப் படைப்பின் பலவீனம் தெரியும். தடை வந்த பிறகும் திரும்பத் திரும்பக் குடித்துப் பிடிபட்ட ஒரு தோழர் இருந்தார் என்று புகாரியில் வருகிறது. தண்டனை கொடுக்கப்பட்டது, மறைக்கவில்லை. ஆனால் கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது, பெருமானார் (ஸல்) தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் ரசூலையும் நேசிப்பவர் என்று எடுத்துச் சொன்னார்கள். திரும்பத் திரும்பக் குடித்த ஒருவருக்குக் கிடைத்த கண்ணியம் இது! நாமோ, ஒரு பையன் பிடிபட்டால் தப்தரைக் காட்டி மிரட்டுகிறோம், நிக்காஹுக்கு வரமாட்டோம் என்கிறோம். அதனால் என்ன நடக்கிறது? குடிப்பவன் நிறுத்துவதில்லை. அவன் உம்மா ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்கிறார். நோய் முற்றும்வரை வீட்டை விட்டு வெளியே வராது. 2019இல் வெளியான மத்திய அரசின் ஆய்வு, டெல்லி எய்ம்ஸ் நடத்தியது, மதுவுக்கு அடிமையான 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதோ ஒரு சிகிச்சை கிடைத்தது என்கிறது. ஒளித்து வைப்பதையே மானமாக நினைக்கும் நம்மிடையே அந்த ஒருவராவது தேறுவாரா?

ஒளிப்பது நம் வீட்டுப் பழக்கம் மட்டுமல்ல என்பதற்கு நம் சென்னையிலேயே ஒரு வரலாறு உண்டு. டி.டி.கே. குடும்பம் யாருக்கும் தெரியாததல்ல; மத்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் குடும்பம். அவருடைய பேரன் டி.டி. ரங்கநாதன். (ரங்கநாதன் தெருவுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) பணம், படிப்பு, செல்வாக்கு எல்லாம் இருந்தும் குடி அவரை 1979இல் இளம் வயதிலேயே கொண்டுபோயிற்று. அவர் மனைவி சாந்தி ரங்கநாதன் முக்காடிட்டு மூலையில் உட்காரவில்லை, காரணத்தை மறைக்கவும் இல்லை. கணவர் பெயரிலேயே, என் கணவர் குடிநோயால் இறந்தார் என்று ஊரறியச் சொல்லி, 1980இல் ஓர் அமைப்பைத் தொடங்கினார். அடையாறு இந்திரா நகரில் இருக்கும் டி.டி.கே. மருத்துவமனை அதுதான். 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது, 1999இல் ஐ.நா.வின் வியன்னா விருதும்.

அங்கே குடிப்பவருக்கு மட்டுமல்ல, மனைவிக்கும் பெற்றோருக்கும் சேர்த்தே ஆலோசனை தருகிறார்கள். திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் போட்டுச் சிகிச்சை கொடுத்ததும் அந்த அமைப்புதான். ஊரார் இடம் கொடுத்தார்கள், ஊருக்குள்ளேயே வைத்துத் தேற்றினார்கள். நம் ஜமாஅத்துகளிடம் ஷாதி மஹால்கள் இருக்கின்றன. ஒரு முகாமுக்கு ஒரு தடவையாவது திறந்துவிட்டிருக்கிறோமா?

"அதெல்லாம் பிற சமுதாயத்தார் வேலை" என்று சொல்லாதீர்கள். இஸ்தான்புல் நகரை அந்நியப் படைகள் பிடித்து வைத்திருந்த 1920இல், அங்கே பெருகிய மதுவை எதிர்க்க மஜ்ஹர் உஸ்மான் என்ற மனநல மருத்துவர் தொடங்கிய பசுமைப் பிறை அமைப்பு நூறாண்டு கடந்தும் இருக்கிறது. இலவச ஆலோசனை மையங்கள் நடத்துகிறது. மதுவைச் சட்டப்படி தடை செய்திருக்கும் ஈரானிலேயே குடிநோய்க்குச் சிகிச்சை மையங்களுக்கு அரசு அனுமதி கொடுத்தது. 'எங்கள் நாட்டில் யாரும் குடிப்பதில்லை' என்று சொல்ல எல்லா உரிமையும் உள்ள நாடு அது!

ஏமாற்றுக்காரர்கள் ஜாக்கிரதை

வீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருக்கும் இடத்தைத் தேடி வருகிற கூட்டம் ஒன்று உண்டு. "குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், ஒரே வாரத்தில் மறந்துவிடுவார்" என்று விளம்பரம் போடுகிறவர்கள். சகோதரிகளே, கேளுங்கள். டைசல்ஃபிரம் என்றொரு மாத்திரை உண்மையிலேயே உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால், மது உடலில் முழுதாகச் செரிக்காமல் பாதியில் விஷப்பொருளாகத் தேங்கி, முகம் சிவந்து, வாந்தி, நெஞ்சு படபடப்பு, இரத்த அழுத்தச் சரிவு வரை போகும். இருதய நோயாளி இறந்தும் போகலாம். டாக்டர் கண்காணிப்பில், நோயாளியின் சம்மதத்தோடு கொடுக்க வேண்டிய மருந்து அது. தெரியாமல் சோற்றில் கலந்தால் அது மருந்தல்ல, விஷம். பொட்டலத்தில் பெயரே இல்லாத பொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு கூட்டம், "மறுவாழ்வு மையம்" என்று போர்டு மாட்டிக்கொண்டு, வேனில் ஆளைத் தூக்கிப்போய்க் கட்டிவைத்து அடிக்கிறவர்கள். 2022இல் நம் இராயப்பேட்டையிலேயே ஒரு மையத்தில் சேர்க்கப்பட்டவர் அடித்துக் கொல்லப்பட்டதாக வழக்குப் பதிவாகிக் கைதுகள் நடந்தன. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, மதுவால் வரும் மனநலக் கேட்டையும் நோய் என்றே சொல்கிறது. மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மையமா, மனநல மருத்துவர் வருகிறாரா, குடும்பத்தார் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பதில் மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் காசில்லாதவருக்கும் சிகிச்சை உண்டு. 14446 என்ற இலவச எண்ணில் பெயர் சொல்லாமலே ஆலோசனை கேட்கலாம். 1935இல் அமெரிக்காவில் தொடங்கி 1957இல் இந்தியா வந்த ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் குழுக்கள் சென்னையில் தமிழிலேயே கூடுகின்றன. கட்டணம் இல்லை, பெயர் வெளியே போகாது.

எல்லாவற்றையும்விடக் கொடுமையான வைத்தியம் நம் வீட்டிலேயே தயாராகிறது. "ஒரு கல்யாணத்தைப் பண்ணி வைத்தால் திருந்திவிடுவான்!" ஒரு ஏழையின் மகளை மருந்தாக அரைத்து உன் மகனுக்குக் கொடுக்க உனக்கு யார் அனுமதி தந்தது? மாப்பிள்ளை பற்றி விசாரிக்க வந்தவரிடம், தெரிந்தும் "தங்கமான பையன்" என்று சொன்ன அண்டை வீட்டுக்காரரும், கடைக்காரரும், தப்தரில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரும் அந்தப் பெண்ணுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாளிகளுக்கும் ஒரு சொல். தென்காசி, ராமநாதபுரம் பக்கமிருந்து பதினெட்டு வயதில் உங்களை நம்பி அனுப்பப்பட்ட பையன்கள் உங்கள் கடையில் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்பது வெறும் சொல்லல்ல. காலை தொடங்கி இரவு வரை நின்ற கால் வீங்கி, கடை மேல் அறையில் பத்துப் பேரோடு பாய் விரித்துப் படுக்கிறான். "உடம்பு வலிக்கு ஒரு கட்டிங்" என்று சொல்லிக் கொடுக்க அந்த அறையில் ஒருவன் இருப்பான். கடை ஊழியர் உட்கார இருக்கை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தது. உங்கள் கடையில் இருக்கை இருக்கிறதா? இருந்தால், அதில் உட்கார்ந்த பையனை நீங்கள் முறைக்காமல் இருக்கிறீர்களா? வாரம் ஒரு நாள் விடுப்பும், பத்து மணிக்கு மேல் ஒரு பாதுகாவலனும் கொடுத்துவிட்டுப் பிறகு ஒழுக்கம் பேசுங்கள்.

அரசைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1937இல் சேலத்தில் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1971இல் தளர்ந்தது, திரும்ப வந்தது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் பிறந்தது. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் அரசே எடுத்துக்கொண்டது. கட்சி மாறினாலும் கல்லா மாறவில்லை. 2024-25இல் மதுவால் வந்த வருவாய் 48,344 கோடி ரூபாய்; நாளொன்றுக்கு 130 கோடிக்கு மேல்! மதுக்கடையை மூடச் சொல்லிப் போராடிய காந்தியவாதி சசிபெருமாள் 2015இல் உயிரையே விட்டார். கடைகளை மூடச் சொல்லி நாமும் ஆர்ப்பாட்டம் நடத்துகிறோம், நடத்த வேண்டும். ஆனால் முழக்கமிடும் வரிசையில் நிற்கும் தம்பியின் கை நடுங்குவதைப் பக்கத்தில் நிற்பவர் பார்க்காவிட்டால், அந்த முழக்கம் யாருக்காக?

பார்த்துவிட்டீர்கள். என்ன செய்வது? குடித்திருக்கும்போது பேசாதீர்கள், அது சுவரோடு பேசுவது. காலையில், தனியாக, கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "குடிகாரா" என்று ஆரம்பித்தால் அங்கேயே முடிந்தது. "செவ்வாய்க்கிழமை பார்ட்டி வந்து காத்திருந்தார், நீங்கள் வரவில்லை; உங்கள் மகள் உங்களைக் கண்டு அறைக்குள் போய்விட்டாள்" என்று நடந்ததைச் சொல்லுங்கள். அவருக்காகப் பொய் சொல்வதை நிறுத்துங்கள். "பாய்க்குக் காய்ச்சல்" என்று மொத்த வியாபாரிக்குப் போன் போடுகிற தம்பி, கடனைச் சத்தமில்லாமல் அடைக்கிற மாமனார், இவர்களெல்லாம் பாசத்தால்தான் செய்கிறார்கள். ஆனால் அடுத்த பாட்டிலுக்கு அதுதான் வசதி செய்து கொடுக்கிறது. முதல் நாளே ஒத்துக்கொள்வார் என்று எதிர்பார்க்காதீர்கள். கோபப்படுவார். மறுபடி போங்கள். போகும்போது டாக்டரின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளே! உங்களிடம் கேட்பது பெரிய தொகையல்ல. ஜும்ஆ பயானில் வருடம் ஒரு முறையாவது நரகத்தோடு நிறுத்தாமல் மருத்துவமனைக்கும் வழி சொல்லுங்கள். பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒருவரை, வாய் காக்கத் தெரிந்த ஒருவரை, இதற்கென்று வையுங்கள். வருகிறவர் பெயரைத் தப்தரில் எழுதாதீர்கள். மஹரும் சீரும் பேசுகிற அந்த மேசையில் மாப்பிள்ளையின் குடியைப் பற்றியும் கேளுங்கள்.

அந்த ரெடிமேட் கடைக்காரரைப் பற்றிச் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். சிகிச்சை முடிந்து ஐந்தாவது மாதம் மறுபடி குடித்தார். ஊரே, "நாங்கள் அப்பவே சொன்னோமே" என்றது. அவர் மனைவி ஒன்றும் சொல்லாமல் மறுநாள் காலை டாக்டரிடம் கூட்டிப்போனார். இந்தத் தடவை நானும் போனேன். சனிக்கிழமைதோறும் ஒரு கூட்டத்துக்குப் போய்வருகிறார். கடையில் நான்கு ஸ்டூல் வாங்கிப் போட்டிருக்கிறார். போன பெருநாள் இரவு, வழக்கமாக அவர் காணாமல் போகும் அந்த இரவு, பதினோரு மணிக்குக் கணக்கை முடித்துவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். இருவரும் மொட்டைமாடியில் உட்கார்ந்து விடியும்வரை பேசிக்கொண்டிருந்தோம்; ஃபஜ்ருக்கு ஒன்றாகவே இறங்கிப் போனோம்.